வேம்பும் கொண்டைக்குருவியும்: ஓர் ஒப்பீட்டுப் பதிவேடு உருவான முறை

ஒரு மர இனத்தையும் ஒரு பாடும் பறவை இனத்தையும் ஒரே பதிவேட்டில் எதிரெதிரே வைத்து ஒப்பிடும் வேலையை எப்படிச் செய்தேன், எந்தக் கருவியைக் கொண்டு எதை அளந்தேன், எந்த முடிவுகள் நிலைத்தன என்பதை, இதே வேலையில் இறங்க விரும்புவோருக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன். மரம் வேம்பு. பறவை செம்புழைக் கொண்டைக்குருவி. சின்னான் என்றும் இதை அழைப்பார்கள். அறிவியல் பெயர்களில் சொன்னால் அசாடிராக்டா இண்டிகா, பிக்னோனோட்டஸ் கேஃபர். இரண்டுமே இந்தியத் துணைக்கண்டத்தையும் அதை ஒட்டிய நிலங்களையும் தாயகமாகக் கொண்டவை. இரண்டும் மனிதக் குடியிருப்புக்கு அருகில் தயக்கமின்றி வாழ்பவை. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னதன் பழத்தைப் பின்னது உண்கிறது. தொடர்பே இல்லாத இரண்டு இனங்களை எடுத்திருந்தால், ஒப்பீடு முழுவதும் நூல்களிலிருந்து திரட்டிய தகவலாகவே நின்றிருக்கும். இந்த உறவு இருந்ததால்தான் பதிவேட்டின் கடைசிப் பகுதியை ஒரு முளைப்புச் சோதனையாகச் செய்துபார்க்க முடிந்தது.

இவ்விரண்டும் ஒரே பதிவேட்டில் இடம்பெறுவது இது முதன்முறையன்று. சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1753இல் வேம்பையும் 1766இல் இந்தக் கொண்டைக்குருவியையும் தம் வகைப்பாட்டில் சேர்த்துவிட்டார். அந்த வகைப்பாடு உடல் அமைப்பை வைத்து இனங்களைப் பிரிப்பது. எனக்குத் தேவைப்பட்டதோ வாழும் முறையை வைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது. உயரம், எடை, வயது என்று வரிசைகளை அமைத்தால் எண்கள் கிடைக்கும். 12 மீட்டர் மரத்துக்கு எதிரே 20 சென்டிமீட்டர் பறவை என்று எழுதலாம். அந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்ப்பதால் மரத்தைப் பற்றியோ பறவையைப் பற்றியோ கூடுதலாக எதுவும் விளங்கப்போவதில்லை. ஆகவே ஒவ்வொரு வரிசையையும் ஒரு கேள்வியாக எழுதினேன். வெயிலை எப்படித் தாங்குகிறது? வளர்ச்சி எப்போது நிற்கிறது? எதிரியை எப்படி விலக்குகிறது? தான் இங்கே இருப்பதைப் பிறருக்கு எப்படி அறிவிக்கிறது? அடுத்த தலைமுறைக்கு எவ்வளவு செலவிடுகிறது? கேள்வி இரண்டுக்கும் பொதுவானது. விடையை அளக்கும் கருவி மட்டும் அந்தந்த உயிருக்கு ஏற்ப மாறும். வேலை முழுவதும் இந்த ஏற்பாட்டிலேயே நடந்தது.

கருவிகள் எளியவை: அளவுநாடா, நூலில் எடை கட்டித் தொங்கவிட்ட பாகைமானி, இருகண் நோக்கி, பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ், தொடாமல் வெப்பம் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி, ஒலிப்பதிவுக்குக் கைப்பேசி, வெள்ளைத் துணி விரிப்பு, நாற்றுப்பைகள். இலையின் துளைகளைப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு நுண்ணோக்கி தேவைப்பட்டது.

எண்கள் வரிசைகளாக அமையவில்லை என்றாலும், மரத்தின் அளவுகள் முதல் பக்கத்தில் இருக்கவேண்டியவையே. அடிமரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பது வனவியலில் வழக்கம். நான் தேர்ந்த மரத்தில் அது 154 சென்டிமீட்டர். அதைப் பை (π) என்ற எண்ணால், அதாவது 3.14ஆல், வகுத்தால் விட்டம் 49 சென்டிமீட்டர். உயரத்துக்கு, மரத்தடியிலிருந்து 12 மீட்டர் தள்ளி நின்று பாகைமானியின் நேர்விளிம்பு வழியாக உச்சிக் கொம்பைப் பார்த்தபோது கோணம் 42 பாகை வந்தது. அதன் தொடுகோட்டு மதிப்பு (tan) 0.9; 12ஆல் பெருக்கினால் 10.8, அதோடு என் கண்மட்ட உயரமான ஒன்றரை மீட்டரைக் கூட்ட, உயரம் 12.3 மீட்டர். அகன்று விரியும் வேம்பில் அருகிலிருக்கும் கிளையின் நுனி உச்சியை மறைத்துக்கொண்டு தானே உச்சிபோலத் தோன்றும் என்பதால், எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒருமுறை பார்ப்பது அவசியம்.

இந்த இரண்டு அளவுகளிலிருந்து, மரத்தை வெட்டாமலேயே அதன் உலர் எடையை மதிப்பிடலாம். வெப்பமண்டல மரங்களுக்கென 2014இல் வெளியான பொதுச் சமன்பாடு ஒன்று, மரக்கட்டையின் அடர்த்தி, விட்டத்தின் வர்க்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கி, அந்தப் பெருக்கலை 0.976 அடுக்குக்கு உயர்த்தி, 0.0673ஆல் பெருக்கச் சொல்கிறது. வேம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.7 கிராம். கணக்கின் முடிவு, தரைக்கு மேலே உள்ள பகுதி மட்டும் ஏறக்குறைய ஒரு டன் என்று வந்தது. கொண்டைக்குருவியின் எடை சுமார் 40 கிராம். அப்படியானால் ஒரு பறவைக்கு 25,000 மடங்கு மரம். இந்த விகிதத்தைப் பதிவேட்டில் ஓரமாகத்தான் எழுதினேன். பின்னால் விதையைப் பற்றிப் பேசும்போது இதற்கு ஒரு பயன் வந்தது.

பறவையைப் பிடித்து அளப்பது என் நோக்கமன்று, அதற்குத் தேவையும் இல்லை. வேம்பின் கொம்பில் பறவை பக்கவாட்டில் அமர்ந்திருக்கும்போது, அதே தொலைவில் விரிந்து நிற்கும் ஒரு சிற்றிலையும் படத்தில் விழும்படி எடுத்தேன். பிறகு அந்தக் கொம்பை அடையாளம் கண்டு, சிற்றிலையைக் கிள்ளாமல் மரத்திலேயே அளந்தபோது அது 6.4 சென்டிமீட்டர் இருந்தது. படத்தில் அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை அந்த இலையைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல். எனவே நீளம் சுமார் 20 சென்டிமீட்டர், கள வழிகாட்டிகள் தரும் அளவும் இதுவே. இலையும் பறவையும் கேமராவிலிருந்து ஒரே தொலைவில், ஒரே தளத்தில் இருந்தால்தான் இந்த முறை செல்லும். ஒன்று முன்னும் மற்றது பின்னும் இருக்கும் படத்தை ஒதுக்கிவிட வேண்டும்.

நான் அதிக நேரம் செலவிட்டது ஓர் உதிர்ந்த சிற்றிலையையும் ஓர் உதிர்ந்த சிறகிறகையும் அருகருகே வைத்துக் கைலென்ஸில் பார்த்ததில்தான். வேம்பின் சிற்றிலை நடுநரம்பின் இருபுறமும் ஒத்திருப்பதில்லை; அடிப்பகுதியில் ஒரு பாதி மற்றதைவிடத் தாழ்ந்து இறங்கியிருக்கும், முழு இலையும் சற்றே அரிவாள்போல் வளைந்திருக்கும், விளிம்பில் ரம்பப் பற்கள் ஓடும். பறக்கும் இறகும் நடுத்தண்டின் இருபுறமும் ஒத்திருப்பதில்லை. காற்றை எதிர்கொள்ளும் முன்விளிம்புப் பக்கம் குறுகியும் பின்பக்கம் அகன்றும் இருக்கும். முதல் பார்வையில் இரண்டும் ஒரே அமைப்பாகத் தோன்றி மனத்தை ஈர்க்கின்றன. லென்ஸை அருகே கொண்டுசென்றதும் வேறுபாடு வெளிப்படுகிறது. இலையில் நடுநரம்பிலிருந்து கிளைநரம்புகளும், அவற்றிலிருந்து வலைபோல் நுண்நரம்புகளும் பிரிகின்றன; அவை நீரையும் சர்க்கரையையும் கடத்தும் குழாய்கள். இறகில் தண்டிலிருந்து பிரியும் இழைகள் எதையும் கடத்துவதில்லை. ஒவ்வோர் இழையிலிருந்தும் இன்னும் நுண்ணிய சிற்றிழைகள் கிளைத்து, அவற்றின் கொக்கிகள் அடுத்த இழையைப் பற்றிக்கொள்கின்றன. இறகின் பரப்பை விரலால் பிரித்துவிட்டு, அடியிலிருந்து நுனி நோக்கி மெல்ல நீவினால், கொக்கிகள் மீண்டும் கோத்துக்கொண்டு பரப்பு முழுமையாகிவிடும். இலையைக் கிழித்தால் கிழித்ததுதான். முழுமையாக வளர்ந்த இறகு கெரட்டின் என்ற புரதத்தால் ஆன உயிரற்ற பொருள். அதற்குள் இரத்த ஓட்டம் இல்லை, ஆகவே தேய்ந்தால் அதை உதிர்த்துவிட்டுப் புதிதாக முளைக்கவைப்பதைத் தவிரப் பறவைக்கு வேறு வழியில்லை. இலையோ உதிரும் நாள்வரை உயிருள்ள உறுப்பு. மரம் இலையை உதிர்ப்பதற்கு முன் அதிலிருந்த சத்துகளில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. உதிரும் இறகிலிருந்து பறவையால் எதையும் மீட்க முடியாது. உருவத்தில் இவ்வளவு நெருங்கிய இரண்டு பொருள்கள் வேலையில் இவ்வளவு விலகி நிற்பதைக் கண்ட பிறகு, பார்வைக்கு ஒத்திருப்பதை மட்டும் வைத்து எந்த வரிசையையும் நிரப்புவதில்லை என்று முடிவுசெய்தேன்.

வெயிலைத் தாங்கும் கேள்விக்கு அகச்சிவப்பு வெப்பமானி பாதிதான் உதவும். இலையின் மேற்பரப்பு வெப்பத்தைச் சில சென்டிமீட்டர் தொலைவிலிருந்து அளக்கலாம். கருவியில் உமிழ்திறனை, அதாவது பரப்பு வெப்பக்கதிரை வெளிவிடும் அளவை, 0.95 என்று அமைத்துக்கொண்டால் போதும். அதே கருவியைப் பறவையை நோக்கி நீட்டினால் இறகுப் போர்வையின் வெளிப்பரப்பு வெப்பம்தான் வரும், உடல் வெப்பம் வராது. பாடும் பறவைகளின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிலையாக இருக்கும். வெளியே எவ்வளவு மாறினாலும் அதை அங்கேயே நிறுத்திவைக்க உடல் உழைக்கிறது. எனவே பறவைக்கு, எந்தக் காற்று வெப்பநிலையில் அலகைத் திறந்து மூச்சிரைக்கத் தொடங்குகிறது என்பதைக் குறித்தேன். பறவைக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. நீரை ஆவியாக்கி உடலைக் குளிர்விக்கும் வேலையில் பெரும்பங்கு மூச்சுப்பாதையின் ஈரப்பரப்பைச் சேர்ந்தது. மரமும் நீரை ஆவியாக்கியே இலையைக் குளிர்விக்கிறது, ஆனால் அதன் கட்டுப்பாடு இலைத்துளைகளில் இருக்கிறது. நிறமற்ற நகப்பூச்சை இலையில் தடவி, உலர்ந்ததும் ஒட்டுநாடாவால் உரித்து நுண்ணோக்கியில் வைத்தபோது, அடிப்பக்கப் பதிவில் துளைகள் நெருக்கமாகத் தெரிந்தன. மேற்பக்கப் பதிவில் காணவில்லை. நீர் குறையும் நண்பகலில் இலை துளைகளை மூடிக்கொள்ளப் பார்க்கும். பறவை அதே நேரத்தில் வாயைத் திறக்கும். ஒரே வெயிலுக்கு ஒன்று அடைக்கிறது, மற்றொன்று திறக்கிறது. அதற்கான காரணம் தெளிவு: இலை ஓரளவு சூடேறுவதைப் பொறுத்துக்கொண்டு நீரைக் காக்கலாம், 41 டிகிரியைக் காத்தே ஆகவேண்டிய பறவைக்கு அந்தச் சலுகை இல்லை, இழந்த நீரைத் தேடிப் பறந்துபோய்க் குடிக்கும் வசதி மட்டும் அதற்கு உண்டு.

வளர்ச்சியைப் பற்றிய வரிசை சிறியது, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. கொண்டைக்குருவியின் முட்டை ஏறத்தாழ 14 நாளில் பொரிகிறது. குஞ்சு அதன்பின் இரண்டு வாரத்துக்குள் கூட்டைவிட்டு வெளியேறுகிறது. சிறிது காலத்தில் தாய் தந்தையின் அளவை எட்டி அங்கேயே நின்றுவிடுகிறது. வேம்புக்கு அப்படி நிற்கும் இடம் இல்லை. கொம்பின் நுனியிலும் வேரின் நுனியிலும் பட்டைக்கு உள்ளேயும் உள்ள ஆக்குத்திசு மரம் இருக்கும்வரை புதிய செல்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நூறாண்டைத் தாண்டிய வேம்பும் ஒவ்வோர் ஆண்டும் செம்புநிறத் தளிரை விடுகிறது. பறவையின் உடல் ஒரு முடிந்த அமைப்பு. மரத்தின் உடல் முடிவடையாத அமைப்பு. ஒரு கொம்பை இழந்தால் இன்னொன்றை உண்டாக்கிக்கொள்ளும், பறவை ஒரு காலை இழந்தால் அது திரும்ப வராது.

தான் இருப்பதை அறிவிக்கும் கேள்விக்குப் பறவை குரலையும் மரம் மணத்தையும் விடையாகத் தருகின்றன. கைப்பேசியில் குரலைப் பதியும்போது சுருக்கப்பட்ட கோப்பு வகையைத் தவிர்த்து வேவ் (WAV) வகையில், நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற அமைப்பில் பதிந்தேன். ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பறவை ஓய்ந்த இடைவெளியில் பின்னணி இரைச்சலைக் கருவி தூக்கிக் காட்டிவிடும். ஒலியைப் படமாக மாற்றிக் காண ஆடாசிட்டி, கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் ரேவன் லைட் ஆகிய இரண்டு மென்பொருள்களுமே போதுமானவை. இதில் கவனிக்கவேண்டியது பகுப்புச் சாளரத்தின் அகலம், அதாவது ஒரே தடவையில் பகுத்துப் பார்க்கும் ஒலித்துண்டின் நீளம். 512 மாதிரிகள் கொண்ட சாளரம் ஏறத்தாழ 12 மில்லிநொடி நீளம். அதில் ஒரு சீழ்க்கை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது கூர்மையாகத் தெரியும், ஆனால் அதிர்வெண் 86 ஹெர்ட்ஸ் படிகளில்தான் பிரியும். 2048 மாதிரிகளாக அகலப்படுத்தினால் அதிர்வெண் 21.5 ஹெர்ட்ஸ் வரை நுணுகும், நேரம் மங்கிவிடும். கொண்டைக்குருவியின் சீழ்க்கைகள் குறுகியவை, வேகமாக ஏறி இறங்குபவை என்பதால் சிறிய சாளரமே பொருந்தியது. அதில் ஒவ்வொரு சீழ்க்கையும் ஒரு வளைந்த கீற்றாகத் தனித்தனியே நின்றது. எச்சரிக்கைக் குரல் வேறு வடிவம்: கரடுமுரடாக, பல அதிர்வெண்கள் கலந்து, செங்குத்துப் பட்டைகளாக அடுத்தடுத்து வரும். அந்தக் குரல் எழுந்ததும் அருகிலிருந்த வேறு இனப் பறவைகளும் இரை தேடுவதை நிறுத்தித் தலையைத் தூக்குவதை இருகண் நோக்கியில் தெளிவாகக் காணலாம். பறவையின் குரலுறுப்பு மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் அமைந்திருக்கிறது, அதன் இரு பக்கங்களும் தனித்தனியே இயங்க வல்லவை. பாடும் பறவைக் கூட்டத்தின் தனி இயல்பு, குஞ்சு தன் பாட்டை மூத்த பறவைகளிடமிருந்து கேட்டுக் கற்பது.

மணத்தை அளக்கக் கருவி என்னிடம் இல்லை. எனவே மணம் யாரை அழைக்கிறது என்பதை எண்ணினேன்: ஒரு பூங்கொத்தைக் குறித்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்குள் எத்தனைத் தேனீக்கள் வந்து அமர்கின்றன என்று காலை, நண்பகல், மாலை வேளைகளில் எழுதிவைத்தேன். பறவையின் செய்தி நொடிக்கு நொடி மாறுகிறது; பருந்து வந்தால் ஒரு குரல், துணை வந்தால் ஒரு குரல். மரத்தின் செய்தி ஆண்டில் ஒரு பருவத்தில் வந்து, சில வாரம் அதே பொருளில் நீடிக்கிறது. இரண்டையும் ஒரே கால அச்சில் வரைய முயல்வதில் பொருளில்லை. பறவையின் பக்கத்தை நொடிகளிலும் மரத்தின் பக்கத்தை வாரங்களிலும் வரைந்தபோதுதான் இரண்டுக்கும் தொடக்கம், உச்சம், ஓய்வு என்ற வடிவம் இருப்பது படத்தில் தெரிந்தது.

எதிரியை விலக்கும் வரிசையில் மரத்தின் பக்கம் வளமானது. ஓட முடியாத உயிர் வேதியியலில் தேர்ந்திருக்கிறது. பூச்சிகளை உண்ணவிடாமலும் தோலுரித்து வளரவிடாமலும் தடுக்கும் அசாடிராக்டின் வேப்பங்கொட்டையின் பருப்பில்தான் மிகுதி. 1968இல் பிரித்தெடுக்கப்பட்ட அந்த மூலக்கூறின் அமைப்பு முழுமையாகத் தெளிவாக 1985 வரை ஆயிற்று. ஆய்வகத்தில் அதை முற்றிலும் செயற்கையாகத் தொகுத்த ஸ்டீவன் லேயின் கேம்பிரிட்ஜ் குழு அந்த வேலையை முடித்தது 2007இல். இதற்கு எதிரே பறவையின் பக்கத்தில் பறந்து விலகுவதும் குரல் கொடுப்பதும் கூட்டை மறைப்பதும் மட்டுமே இருக்கின்றன. வேதியியலில் பறவை பின்தங்கிய இன்னோர் இடமும் உண்டு. பெரும்பாலான பாலூட்டிகளும் பல பறவைகளும் வைட்டமின் சியை உடலுக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்கின்றன. செம்புழைக் கொண்டைக்குருவியால் அது இயலாது என்பது 1950களிலேயே கண்டறியப்பட்டது. அதற்குத் தேவையான கடைசி நொதி அதன் உடலில் இல்லை, நம் உடலிலும் இல்லை. தாவரங்கள் அதே வைட்டமினை வேறொரு வழியில் தாமே செய்துகொள்கின்றன. அந்த வழி 1998இல்தான் தெளிவாக வரையறுக்கப்பட்டது. ஆகவே கொண்டைக்குருவி பழத்தை நாடுவதில் சர்க்கரைக்கு அப்பாலும் ஒரு தேவை இருக்கிறது.

அடுத்த தலைமுறைக்கான செலவை எண்ணுவது பொறுமையைக் கேட்கும் வேலை. குறித்துவைத்த ஒரு பூங்கொத்தில் மொட்டும் பூவுமாக 180க்கு மேல் இருந்தன. வேம்பில் ஆண்பூக்களும் இருபால் பூக்களும் ஒரே மரத்தில் கலந்திருப்பதால், தொடக்கத்திலேயே அவற்றில் ஒரு பகுதி காய்க்க வழியில்லாதது. அந்தக் கொத்தில் பழமாக முதிர்ந்தவை பத்தை ஒட்டியே இருந்தன. மரத்தை அடுத்த புதரில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கூடு கட்டியிருந்த இணையின் கூட்டில் மூன்று முட்டைகள், இளஞ்சிவப்பில் செம்புள்ளிகள். கூட்டுக்கு அருகே நான் போகவில்லை, மற்றவர்களையும் போகவேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். மனிதன் அடிக்கடி எட்டிப்பார்க்கும் இடத்தைக் காகம் கவனித்துவிடும். தொலைவிலிருந்து, தாயும் தந்தையும் இரை கொண்டுவரும் தடவைகளை எண்ணினேன். முதல் சில நாள்கள் பெரும்பாலும் புழுவும் பூச்சியும். குஞ்சுகள் இறகு முளைக்கத் தொடங்கியதும் பழம் கூடியது. பூவுக்கு மரம் செலவிடுவது சிறிது, எண்ணிக்கை பெரிது, இழப்பும் பெரிது. குஞ்சுக்குப் பறவை செலவிடுவது பெரிது, எண்ணிக்கை சிறிது. முட்டையையோ குஞ்சையோ இழந்தால், அந்த இழப்பைத் தாங்குவதற்கு அதே பருவத்தில் இன்னொரு முறை கூடு கட்டுகிறது.

வேம்பு பழுக்கும் பருவத்தில் பதிவேட்டின் மரப்பக்கமும் பறவைப்பக்கமும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. பழத்தின் சதை இனிப்பு, அதற்குள் ஓடு, ஓட்டுக்குள் கசப்பான பருப்பு. மரம் அழைப்பையும் தடையையும் ஒரே பழத்துக்குள் அடுக்கிவைத்திருக்கிறது: சதையை எடுத்துக்கொள், பருப்பைத் தொடாதே. கொண்டைக்குருவிகள் சிறிய பழங்களை முழுதாக விழுங்கின. பெரியவற்றைக் கொம்போடு அழுத்திக் கொத்திச் சதையை உண்டு கொட்டையை உதிர்த்தன. கொட்டை எந்த வழியில் வெளியேறினாலும், பருப்பு நசுங்காமல் சதை நீங்கியிருந்தது.

சதை நீங்குவதுதான் முளைப்புக்கு உதவுகிறதா, அல்லது பறவையின் உடல் வழியாகப் போய்வருவதும் ஏதேனும் கூட்டுகிறதா என்பதே நான் சோதித்த கேள்வி. கொண்டைக்குருவிகள் வழக்கமாக வந்தமரும் கொம்பின் கீழே வெள்ளைத் துணியை விரித்தேன். பழந்தின்னி வௌவாலும் வேம்பை நாடும் என்பதால், மாலை மங்கும்முன் துணியைச் சுருட்டிவிட்டு விடிந்ததும் மறுபடி விரிக்கவேண்டும்; இரவில் விழுந்த கொட்டைகள் கணக்கில் கலந்துவிட்டால் சோதனை செல்லாது. மைனாவும் அதே கொம்புக்கு வரும், ஆகவே நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வேளைகளில் விழுந்தவற்றை மட்டுமே எடுத்தேன். இப்படிச் சேர்த்த கொட்டைகள் முதல் குழு. அதே மரத்தின் பழுத்த பழங்களைப் பிசைந்து கையால் சதை நீக்கிக் கழுவியவை இரண்டாம் குழு. சதையோடு முழுப் பழமாக இருந்தவை மூன்றாம் குழு. மூன்றிலும் எண்ணிக்கை ஒன்று, மண்கலவை ஒன்று, நிழல் ஒன்று, ஊற்றும் நீர் ஒன்று. கொட்டைகளைப் படுக்கைவாட்டில் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்தேன். வேப்பங்கொட்டை முளைப்புத்திறனைச் சில வாரங்களிலேயே பெருமளவு இழந்துவிடுவதால், சேர்த்த அன்றே விதைப்பது இந்தச் சோதனையில் கட்டாயம். காற்றுப்புகாத நெகிழிப்பையில் ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

முடிவு இது: பறவை துப்புரவாக்கியவையும் கை துப்புரவாக்கியவையும் பெரும்பான்மை முளைத்தன, இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. சதையோடு புதைத்தவை தாமதமாக முளைத்தன. பலவற்றில் சதை புளித்துப் பூஞ்சணம் ஏறி, தோண்டிப் பார்த்தபோது பருப்பு அழுகியிருந்தது. நாற்றங்காலில் சதையை நீக்கிவிட்டு விதைப்பது ஏன் வழக்கமாயிற்று என்பதற்கு இதுவே விளக்கம். பறவையின் குடலுக்குத் தனி ஆற்றல் எதையும் என் சோதனை காட்டவில்லை. அது செய்வது துப்புரவும் இடமாற்றமும். இடமாற்றத்தைத்தான் என் கையால் ஈடுசெய்ய முடியாது. தாய்மரத்தின் அடியில் விழும் கொட்டை தாயின் நிழலோடும் பக்கத்தில் விழுந்த நூற்றுக்கணக்கான கொட்டைகளோடும் போட்டியிட வேண்டும். பறவை அதை வேலியிலும் புதரடியிலும் கொண்டுபோய்ப் போடுகிறது. ஒரு டன் மரம் நகர முடியாமல் நிற்க, அதன் அடுத்த தலைமுறையை அதில் 25,000இல் ஒரு பங்கு எடையுள்ள உயிர் நகர்த்துகிறது. முதல் பக்கத்தின் ஓரத்தில் எழுதிவைத்த விகிதத்தை இந்தப் பக்கத்துக்கு மாற்றி எழுதினேன்.

இதே திறன் தாயகத்துக்கு வெளியே தொல்லையாவதையும் பதிவேட்டில் சேர்ப்பது நேர்மை என்று கருதுகிறேன். செம்புழைக் கொண்டைக்குருவி ஃபிஜி, சமோவா, டோங்கா, ஹவாய் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே தோட்டப் பழங்களைச் சேதப்படுத்துவதோடு அயல் களைகளின் விதைகளையும் பரப்புகிறது; உலகின் மிக மோசமான நூறு ஊடுருவும் இனங்களின் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. நிழலுக்காக வெளிநாடுகளில் நடப்பட்ட வேம்பு வட ஆஸ்திரேலியாவில் ஆற்றோரங்களில் பரவிக் களையாகக் கருதப்படுகிறது. அங்கும் அதைப் பரப்புவதில் பழம் தின்னும் பறவைகளுக்குப் பங்குண்டு. எந்த நிலத்திலும் ஊன்றிக்கொள்ளும் மரமும் எந்தப் பழத்தையும் ஏற்கும் பறவையும் தத்தம் ஊரில் வாழ்வதற்கு உதவும் பண்பே அயலிடத்தில் அவற்றைக் கட்டுப்பாடின்றிப் பெருகச் செய்கிறது. எனவே இந்தச் சோதனையை வேம்பு இயற்கையாக இல்லாத இடத்தில் செய்பவர்கள் முளைத்த நாற்றுகளை வெளியே நடக்கூடாது, மிஞ்சிய கொட்டைகளையும் அழித்துவிட வேண்டும்.

பதிவேட்டில் இன்னும் நிரம்பாமல் இருப்பது தொலைவைப் பற்றிய வரிசை. ஒரு கொண்டைக்குருவி கொட்டையை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது என்பதை, பழம் விழுங்கிய பறவை அடுத்து எங்கே அமர்கிறது, எவ்வளவு நேரம் கழித்துக் கொட்டையை வெளியேற்றுகிறது என்ற இரண்டு கணக்குகளிலிருந்து மதிப்பிட வேண்டும். அதற்கு இருவர் தேவை: ஒருவர் மரத்தடியில், மற்றவர் பறவை போய் அமரும் வேலியருகே. அடுத்த பழப்பருவத்துக்குள் வேலியோரத்தில் தானாக முளைத்திருக்கும் கன்றுகள் அனைத்தையும் குறித்து, ஒவ்வொன்றுக்கும் அருகிலுள்ள காய்க்கும் வேம்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து வரைபடத்தில் ஏற்றத் தொடங்கியிருக்கிறேன். கன்றுகளின் தூரமும் பறவையின் பயணத் தூரமும் ஒத்துவருமானால் அந்த வரிசையை மையில் எழுதுவேன். அதுவரை அது பென்சிலிலேயே இருக்கும்.